மைக் கிடைத்தும்

பத்திரிகையில் வாசகர் கடிதம் வந்துவிட்டால் அந்த இதழை இரண்டு பிரதி வாங்குகிற ஆட்கள் ஒரு காலத்தில் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். எங்கள் ஊர் நாலு பேரில் நான் ஒருவன். பதினைந்து பைசா கார்டில் நுணுக்கி நுணுக்கி எழுதுவேன். இடம் போதாமல் விலாசப் பக்கத்திலும் வழியும். தபால் பெட்டியில் போட்டபின் உள்ளே விழுந்ததா என்று பெட்டியைத் தட்டிவேறு பார்ப்பேன். பத்துக்கு ஒன்று அச்சில் வரும். அதிலும் நான் ரத்தம் கொதிக்க எழுதியதெல்லாம் போய், 'அட்டைப்படம் அருமை' மட்டும் மிஞ்சியிருக்கும். நாடே என் கருத்துக்காகக் காத்திருக்கிறது, குறுக்கே ஒரு உதவி ஆசிரியர்தான் மறித்துக்கொண்டு நிற்கிறார் என்று முப்பது வயது வரை நம்பினேன். சரியாகச் சொன்னால், ஐம்பது வரை.

பிறகு ஃபேஸ்புக் வந்தது. உதவி ஆசிரியர் ஒழிந்தார். சாமானியனுக்குக் குரல் கொடுக்க வந்த சாதனம் என்று எல்லோரும் சொன்னார்கள்; அந்தச் சாமானியன் நான்தான் என்று எடுத்துக்கொண்டேன். 'ஊழல் ஒழிப்பு: சில சிந்தனைகள் – பகுதி 1' என்று எழுதிப் போட்டேன். மைத்துனர் மட்டும் லைக் போட்டிருந்தார். நெகிழ்ந்துபோய் போன் செய்தேன். "அப்படியா அத்தான்? கை பட்டிருக்கும்" என்றார். உதவி ஆசிரியரின் அருமை அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த மனுஷன் ஒருவராவது கடைசி வரி வரை படித்துவிட்டுத்தானே வெட்டினார்!

பகுதி 2 இன்றுவரை வரவில்லை. எங்கே என்று யாரும் கேட்கவும் இல்லை.

சென்னையில் இருக்கும் அக்கா மகன், "மாமா, உங்களுக்கு ட்விட்டர்தான் சரி" என்று கணக்குத் தொடங்கிக் கொடுத்தான். கிண்டல் என்று அப்போது தெரியவில்லை. அங்கே அந்தக் காலத்தில் 140 எழுத்துதான் இடம். செல்போன் குறுஞ்செய்திக்கு 160 எழுத்து; அதில் 20ஐ அனுப்புகிறவர் பெயருக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுத்திருந்தார்கள். தமிழில் அதற்கும் ஒரு வில்லங்கம். 'கொ' என்று அடித்தால் நமக்கு ஓர் எழுத்து, இயந்திரத்துக்கு இரண்டு. அந்தச் சந்துக்குள் வளைந்து நெளிந்து சின்னப் பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்கக் கீச்சுகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் என் கட்டுரையைத் துண்டு போட்டு, 1, 2, 3 என்று எண் போட்டு வரிசையாக ஏற்றினேன். கடைசியாகப் போட்டதுதான் மேலே தெரியும் என்று யாரும் சொல்லவில்லை. படித்த ஒரு புண்ணியவான் முடிவுரையிலிருந்து முன்னுரைக்குப் போய்ச் சேர்ந்து, "ஐயா எதையோ வாபஸ் வாங்குகிறாரா?" என்று கேட்டிருந்தார்.

ஹேஷ்டேக் கதை இன்னும் கேவலம். # போட்டு, ஒரு இடைவெளி விட்டு, பிறகு சொல்லை எழுதினேன். இடைவெளி விட்டால் அது வேலை செய்யாது. நாலு சொற்களைச் சேர்த்து எழுதச் சொன்னால் புணர்ச்சி விதி பார்த்து நடுவில் ஒற்றுப் போட்டுவிடுவேன். ஊரே ஒரு ஹேஷ்டேக்கில் பேசும்போது நான் மட்டும் இலக்கணச் சுத்தமான வேறொன்றில் தன்னந்தனியாகப் பேசிக்கொண்டிருப்பேன்.

அந்தக் குறி எப்படி வந்தது என்று பிற்பாடு படித்தபோது நான் இன்னும் குறுகிப்போனேன். 2007 ஆகஸ்ட் 23 அன்று அமெரிக்காவில் கிறிஸ் மெஸ்ஸினா என்பவர், ஒரே விஷயத்தைப் பேசுகிறவர்கள் கூடிக்கொள்ள # குறியைப் போட்டால் என்ன என்று ஒரு ட்வீட்டில் கேட்டார். அவர் ட்விட்டர் ஊழியர் இல்லை. நிறுவனத்தாரிடம் போய்ச் சொன்னபோது, இது கணினிக் கிறுக்கர்களுக்கு மட்டும் புரிகிற சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட்டார்கள். அந்த அக்டோபரில் சான் டியேகோ பக்கம் காட்டுத்தீ பரவியது. எந்தத் தெருவைக் காலி செய்கிறார்கள், எங்கே தங்க இடம் என்ற தகவல்களை அந்தக் குறியின் கீழ் சேர்த்துப் போட ஆரம்பித்தார்கள். 2009இல் நிறுவனமே அதைச் சுட்டியாக்கியது. மெஸ்ஸினா காப்புரிமை வாங்கவில்லை. அடுத்தவர் சொன்னதை ஆர்டி என்று போட்டு எடுத்துச் சொல்வதும், @ போட்டு ஆளைக் கூப்பிடுவதும்கூடப் புழங்கியவர்கள் கண்டுபிடித்ததுதான். கம்பெனி பின்னால் வந்து பொத்தான் வைத்தது.

நானோ சுற்றறிக்கை வராமல் பேனா மூடியைக்கூடத் திறக்காத அலுவலகத்தில் குப்பை கொட்டியவன். காட்டுத்தீ வந்திருந்தால், குறியை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று விளக்கம் கேட்டு எழுதியிருப்பேன்.

குரலோடு பயமும் சேர்ந்தே வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2012 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கரில், சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே மறைவுக்காக மும்பை ஏன் அடைபட வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் கேட்ட இளம்பெண்ணைக் கைது செய்தார்கள். அதற்கு லைக் போட்ட தோழியையும் சேர்த்து. செய்தி வந்த இரவே உட்கார்ந்து என் லைக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். டிகிரி காபி படத்துக்குப் போட்டதையும் எடுத்தபோது, "காபியில என்னங்க வரப்போகுது?" என்றாள் மனைவி. டீக்கடைக்காரர்கள் மனம் புண்படலாம் என்றேன். அந்தக் கைதுக்குப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர் ஸ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண். 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. கருத்துரிமை பற்றிக் கட்டுக் கட்டாகக் கார்டு எழுதிய நான், தீர்ப்புச் செய்திக்கு லைக் போடலாமா என்று மறுநாள் வரை யோசித்தேன்.

அதே ஆண்டு டிசம்பரில் சென்னை மூழ்கியது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரை மீறி ஊருக்குள் நுழைந்தது, விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. ஊழியர்கள் அச்சகம் போய்ச் சேர முடியாமல், 1878இல் தொடங்கிய 'தி இந்து' முதல்முறையாக டிசம்பர் 2ஆம் தேதி சென்னையில் வெளிவரவில்லை. என்னைப் போன்ற கடித எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய பிரளயச் செய்தி கிடையாது.

பேப்பர் வராத அந்த நாளில் ஊர் தானே பேப்பர் போட்டது. "எங்கள் வீட்டு மாடியில் ஆறு பேர் தங்கலாம், போன் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்" என்று முன்பின் தெரியாதவர்கள் முழு விலாசத்தோடு போட்டார்கள். அதையெல்லாம் பொறுக்கி ஒரு கூகுள் அட்டவணையில் ஏற்ற நாலு பேர். அந்த எண்களுக்குப் போன் செய்து, இடம் இன்னும் இருக்கிறதா, நிரம்பிவிட்டதா என்று கேட்டுத் திருத்த வேறு நாலு பேர். இவர்கள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் உட்கார்ந்திருந்தவர்கள். எந்தத் தெருவில் தண்ணீர் என்று அவரவர் தொட்டுக் குறிக்கிற ஒரு வரைபடம் இணையத்தில் முளைத்தது. தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, தீர்மானம் இல்லை. செயற்குழு கூடாமல் ஒரு காரியம் நடக்க முடியும் என்பதையே நான் அப்போதுதான் பார்த்தேன்.

இதில் என் பங்கு என்ன? ஊரில் காய்ந்த திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, வந்ததையெல்லாம் அனுப்பினேன். முடிச்சூரில் ஒரு நிறைமாத கர்ப்பிணி மாடியில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்ற தகவலை எனக்குத் தெரிந்த எல்லாக் குழுக்களுக்கும் தள்ளினேன். சாயங்காலம் ஒரு பெண் போன் செய்தார். குரலில் தூக்கம் இல்லாத களைப்பு.

"அண்ணா, இது எத்தனை மணித் தகவல்?"

"இப்பத்தாம்மா வந்தது."

"உங்களுக்கு எப்ப வந்ததுன்னு கேக்கலண்ணா. அவங்க எப்ப அனுப்புனாங்கன்னு கேக்கறேன்."

தெரியவில்லை. அந்தக் கர்ப்பிணியை முதல் நாளே கரை சேர்த்துவிட்டார்கள் என்றும், என்னைப் போன்றவர்கள் அனுப்புவதை நம்பி ஒரு படகு இரண்டாம் தடவை போய்விட்டு வெறுமனே திரும்பியது என்றும் சொன்னார். திட்டவில்லை. "இனிமே தேதி, நேரம் போட்டு அனுப்புங்கண்ணா. ஆள் கிடைச்சிட்டா அழிச்சிருங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். ஓரிரு நாளில் பார்த்தால் வருகிற தகவல்களில் தேதியும் நேரமும் இருந்தன, 'சரிபார்த்தது' என்று ஒரு வரி இருந்தது, மீட்டபின் 'முடிந்தது' என்று குறிப்பு இருந்தது. யாரோ ஒரு நிபுணர் உட்கார்ந்து வகுத்ததல்ல. என்னைப் போல நூறு பேர் செய்த கோளாறைச் சமாளிக்கப் பிறந்த முறை. அந்த வகையில் அந்தப் புதுமைக்கு நானும் ஒரு காரணகர்த்தா.

இதோடு நிறுத்தியிருக்கலாம். வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்து வெள்ளத்தில் நீந்தி வருகின்றன என்ற செய்தியையும் அனுப்பினேன். கீழே என் பெயர், படிப்பு, 'கவனம் தேவை' என்ற என் சொந்தச் சேர்க்கை. எங்கள் முதலைகள் எல்லாம் இருக்கிற இடத்தில்தான் இருக்கின்றன என்று பண்ணைக்காரர்கள் மறுப்புச் சொன்னார்கள். அக்கா மகன் வீட்டைச் சுற்றி இடுப்பளவு தண்ணீர். அவனிடமிருந்து ஒற்றை வரி வந்தது: "மாமா, முதலைக்கும் ஏதாவது அறிவுரை அனுப்புங்க."

அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானார். வானிலைத் துறையில் வேலை பார்ப்பவர் அல்ல. மழைமீது பித்துக்கொண்டு வருஷக்கணக்காகப் பழைய மழைக் கணக்குகளைத் தோண்டி வைத்திருந்த ஒரு தனி ஆள். பயப்படாதீர்கள் என்று அவர் ஃபேஸ்புக்கில் எழுதினால் ஜனங்கள் தூங்கப் போனார்கள். துறை சாராத ஒருவர் செய்யும்போது நாம் செய்தால் என்ன என்று எனக்கும் தோன்றியது. செயற்கைக்கோள் படத்தைப் பார்க்கப் பழகி, எங்கள் தெருக் குழுவில், 'மூன்று நாளைக்குச் சொட்டு மழை கிடையாது' என்று அறிக்கை விட்டேன். அதை நம்பி மனைவி மொட்டை மாடியில் கூழ்வடகம் பிழிந்தாள். நம்பியது அவள் மட்டுமாக இருந்தாலும் பரவாயில்லை. எதிர்வீட்டு மாமியும் பிழிந்திருந்தார். மத்தியானம் மூன்று மணிக்குக் கொட்டித் தீர்த்தது. நான் பார்த்தது முந்தின நாள் படமாம். அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் சாம்பார் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை.

யூடியூபுக்கு வருகிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் சின்ன வீரமங்கலம் என்ற ஊர். அங்கே ஒரு தாத்தாவும் பேரப் பிள்ளைகளும் வயல்வெளியில் பெரிய அண்டா வைத்துச் சமைத்து, ஊர்க்காரர்களுக்கும் ஆதரவற்றோர் இல்லங்களுக்கும் போடுகிறார்கள். 2018இல் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' தொடங்கினார்கள். 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்கள், தமிழில் முதல்முறையாக. அந்தச் சமயத்தில் முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அவர்கள் படத்தில் பேச்சு குறைவு. அம்மியில் மசாலா அரைபடும், எண்ணெய் பொரியும், சாமான் பெயரைக் கூவிச் சொல்லிப் போடுவார்கள்.

நான் முக்காலி ஸ்டாண்டு வாங்கினேன். வட்டமான விளக்கு வாங்கினேன். சட்டையில் குத்தும் மைக் வாங்கினேன். சேனலுக்குப் பெயர் தேடுவதிலேயே ஒரு மழைக்காலம் போனது. யூடியூப் பணம் தர வேண்டுமானால் 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்த்த கணக்கும் வேண்டும் என்று படித்து, வருகிற பணத்துக்கு வருமான வரி எப்படி என்று ஆடிட்டரிடம் கேட்டும் வைத்துக்கொண்டேன். அதன்பின் முதல் படம். 'உலகெங்கும் வாழும் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம்' என்று தொடங்கி, இந்தச் சேனலை ஏன் தொடங்கினேன், இதில் என்னென்ன வரும், எவையெல்லாம் வராது என்று விளக்கினேன். விஷயம் இரண்டாவது படத்தில் வரும் என்று முடித்தேன்.

படத்தை எந்த நொடியில் எத்தனை பேர் விட்டுவிட்டுப் போனார்கள் என்று யூடியூப் கோடு போட்டுக் காட்டும். ஈவிரக்கமில்லாத ஏற்பாடு. என் கோடு 'தமிழ்ச் சொந்தங்களுக்கு' என்ற இடத்தில் செங்குத்தாக இறங்கி, அதன்பின் கடைசி வரை தரையோடு படுத்துக் கிடந்தது. 'வணக்கம்' கேட்டவர்கள் உண்டு. யாருக்கு வணக்கம் என்று கேட்க ஆள் இல்லை.

ஃபார்வேர்டு மட்டும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்று கட்டுப்பாடு போட்டது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்ததை ஒருவருக்குமேல் அனுப்ப முடியாது என்றார்கள். என் சேவையைக் கேள்விப்பட்டு எனக்காகவே போட்டது என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கட்டுப்பாடு எதனால் வந்தது என்பது சிரிக்கிற விஷயம் இல்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பம் ஒன்று வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊர் கூடி அடித்ததில் 65 வயது அம்மாள் செத்துப்போனார். பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வதந்தி அப்போது வாட்ஸ்அப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும் அப்படி ஒரு குரல்பதிவு வந்தது. நான் அதை யாருக்கும் அனுப்பவில்லை. விவேகத்தால் அல்ல. போனில் இடம் நிரம்பி, அது இறங்கவில்லை.

எங்கள் தெருச் சாக்கடைக்கு வருவோம். இதில்தான் நான் முழுசாகத் தோற்றேன். அடைத்துக்கொண்டு தெருவுக்கு வழிகிற சாக்கடை. முறைப்படி மனு எழுதினேன். 'பொருள்: கழிவுநீர் தேங்குதல் – உரிய நடவடிக்கை வேண்டுதல் – தொடர்பாக. பார்வை: எனது முந்தைய மனு.' அதையே படம் பிடித்து ஃபேஸ்புக்கிலும் போட்டேன், எழுத்து தெரியாத அளவுக்குச் சின்னதாக. தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அம்மா ஒரு நாள் காலையில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தத் தண்ணீரிலேயே நின்றார். பத்தாவது படிக்கிற மகள் போனைப் பிடித்தாள். "இதுலதான் நின்னு வேலை செய்யறேன். தேய்ச்ச துணியெல்லாம் நாறுதுன்னு திருப்பிக் குடுக்கறாங்க. யாரு வந்து பாப்பீங்க?" அவ்வளவுதான், அரை நிமிஷம்கூட இல்லை. வார்டு குழுவில் போட்டு, அங்கிருந்து எங்கெங்கோ போய், மறுநாள் மத்தியானம் அடைப்பு எடுக்கும் லாரி வந்து நின்றது.

நான் சும்மா இருக்கவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "போனைப் படுக்கவைச்சு எடுத்திருக்கணும்மா, ஆரம்பத்துல தெரு பேரு சொல்லியிருக்கணும்" என்றேன். "போன்ல பாக்கறவங்க நேராத்தானே சார் புடிச்சிருப்பாங்க?" என்றாள். மேற்பார்வைக்கு வந்த அதிகாரியிடம் போய், இது விஷயமாக நான் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன் என்று அறிமுகப்படுத்திக்கொண்டேன். "அப்படிங்களா, நீங்க யாரு சார்?" என்று கேட்டுவிட்டு, அந்த அம்மாவிடம், "இப்ப சரியாம்மா?" என்று விசாரிக்கப் போய்விட்டார்.

எனக்குப் பேச ஆசை இருந்தது, விஷயம் இல்லை. அந்த அம்மாவுக்குக் கால் முழுக்க விஷயம். ஆனால் லாரி எங்கள் தெருவோடு திரும்பிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பின்தெருவில் இதைவிட மோசமாகத் தேங்கிக் கிடக்கிறது. அங்கே வீடியோ எடுக்க யாரும் இல்லை. கூவினால்தான் வருவோம் என்று ஆகிவிட்டால், கூவத் தெரியாத தெரு என்ன செய்யும்? எல்லோருக்கும் குரல் கிடைத்துவிட்டது என்று மேடையில் பேசுகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருதரம் அந்தப் பக்கம் போய்வரலாம்.

இப்போது எங்கள் வீட்டில் குரல் உள்ளவள் மனைவிதான். மாடித் தோட்டக் குழு ஒன்றில் இருக்கிறாள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்று ஒரு படம் போட்டால், பொழுது சாய்வதற்குள் தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் பதில் வரும். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் மூன்றையும் அரைத்துத் தெளிக்கிற கரைசலுக்கு த்ரீ ஜி என்று பெயர். மீன் கழிவையும் வெல்லத்தையும் சரிக்குச் சரி போட்டு ஊறவைத்தால் மீன் அமிலம். அந்த வாளியை மொட்டை மாடியில் எந்த மூலையில் வைத்தால் அக்கம்பக்கம் சண்டைக்கு வராது என்பது வரைக்கும் அங்கே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. யாரோ முகம் தெரியாத ஒருவர் தபாலில் அனுப்பிய நாட்டுச் சுரை எங்கள் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் படர்ந்திருக்கிறது. இவள் பதிலுக்கு மூக்குத்தி அவரை விதை அனுப்புகிறாள்.

என்னையும் அந்தக் குழுவில் சேர்த்துவிட்டாள். காலை வணக்கப் படம் கூடாது, ஃபார்வேர்டு கூடாது என்பது அங்கே சட்டம். நான் விதிகளைப் படிப்பதற்கு முன்னாலேயே தாமரைப்பூவோடு ஒரு பொன்மொழி போட்டுவிட்டேன். நீக்கிவிட்டார்கள். ஆகவே, சந்தேகம் இருந்தால் அவளிடம் சொல்கிறேன், அவள் கேட்டுச் சொல்கிறாள். போன வாரம் என் கறிவேப்பிலைச் செடி துளிர்க்காததைப் பற்றிக் கேட்டாள். புளித்த மோர் ஊற்று என்று ஒரு கட்சி, அரிசி களைந்த தண்ணீரே போதும் என்று ஒரு கட்சி; இரண்டுக்கும் ராத்திரி வரை சண்டை. எனக்கு அதில் திட்டவட்டமான ஒரு கருத்து உண்டு. விரிவாகவே சொன்னேன். அவள் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "மோர் தீந்து போச்சுங்க, கடைக்குப் போய் ஒரு பாக்கெட் தயிர் வாங்கிட்டு வாங்க" என்றாள்.